உண்பவர் நலமும் சுமப்பவர் உயிரும்

(தானியக் கிடங்குகளில் பயன்படும் நச்சுவாயுக்கள் குறித்து வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் சமுதாய வரலாற்றையும் கல்வி உரிமையையும் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன்னர் பேசிய அறிஞர்கள் அக்கடமையைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு வாயு. மூட்டை சுமக்கும் தோழர்களும், கிடங்கைப் பெருக்கும் தாய்மார்களும், இரவுக் காவல் காக்கும் முதியவர்களும் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்கள் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவர்களுடைய பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டும். கல்விச் சங்கத்தின் மேடையில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

வண்டும் வாயுவும்

அறுவடையாகிக் களத்திலிருந்து வரும் நெல் உடனே உலைக்குப் போய்விடுவதில்லை. மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் கிடங்கில் தங்குகிறது. அங்கே அதற்குப் பங்காளிகள் பலர். அரிசி வண்டு, தானியத் துளைப்பான், செந்நிற மாவு வண்டு, காப்ரா வண்டு, அந்துப்பூச்சி ஆகியவை அவர்களுள் முதன்மையானவை. அரிசி வண்டு தானிய மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. மேலே மருந்து தெளித்தால் அது உள்ளே எட்டாது. மணிக்குள்ளும் நுழையக் கூடியது வாயு ஒன்றுதான். ஆகவேதான் தானியத்தை மூடி, நச்சுவாயுவைப் பரவவிட்டுப் பூச்சிகளைக் கொல்லும் முறை உலகெங்கும் நிலைபெற்றது. இதனை நச்சுவாயு மூட்டம் என்கிறோம்.

நம் நாட்டில் இதன் தேவை சிறிதன்று. 1965ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சையிலேதான் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. நியாயவிலைக் கடையில் ஏழையின் பையில் விழும் அரிசி இத்தகைய கிடங்குகளைக் கடந்தே வருகிறது. வண்டு தின்று தீர்த்தால் முதலில் பட்டினி கிடப்பவன் ஏழை. எனவே வாயுவே வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. அதை எவ்வாறு கையாளுகிறோம், யார் உயிரைப் பணயம் வைத்துக் கையாளுகிறோம் என்பதே என் கேள்வி.

ஒரு மாத்திரையின் கணக்கு

இன்று பெரிதும் பயன்படுவது பாஸ்பீன் என்னும் வாயு. இது உருளையில் அடைத்து வருவது அரிது. அலுமினியம் பாஸ்பைடு என்னும் மாத்திரை வடிவில் வருகிறது. குப்பியைத் திறந்ததும் காற்றிலுள்ள ஈரம் மாத்திரையோடு வினைபுரியத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் வாயு வெளிப்பட்டு, சில நாட்கள் வரை தொடர்ந்து வந்து, முடிவில் சாம்பல் நிறப் பொடி எஞ்சுகிறது. மூட்டைகளின் அட்டியை உறையால் மூடி, உறையின் ஓரங்களில் மணல் நிரப்பிய நீண்ட பைகளை வைத்து இறுக்கி, உள்ளே டன் ஒன்றுக்கு 3 மாத்திரை என்ற அளவில் வைப்பது நம் கிடங்குகளின் வழக்கம். ஏறத்தாழ ஒரு வாரம் மூடி வைத்துப் பின்னர் திறந்து காற்றாட விடுகிறார்கள்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை 1 கிராம் பாஸ்பீனைத் தருகிறது. பாஸ்பீனின் மூலக்கூறு எடை 34. ஆகவே சாதாரண வெப்பநிலையில் அந்த 1 கிராம், முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைந்த இடத்தை அடைக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையில் ஏறத்தாழ 28,300 லிட்டர் காற்று உள்ளது. அந்த அறையை இறுக மூடி ஒரே ஒரு மாத்திரையை வைத்தால், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 25 பங்கு பாஸ்பீன் சேரும். தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று பல நாடுகளில் நெடுங்காலம் வைக்கப்பட்ட வரம்போ பத்து லட்சத்தில் 0.3 பங்கு. ஒரே மாத்திரை அவ்வரம்பை எண்பது மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. இரண்டு மாத்திரைகள் வைத்தால், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட 50 பங்கை எட்டிவிடும்.

வீட்டு அறையிலே அரிசி மூட்டைக்குள் மாத்திரையைப் போட்டுவிட்டு அதே அறையிலே பாய் விரித்துப் படுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மேற்சொன்ன கணக்கை அறிந்த எவரும் அதைச் செய்யத் துணியார்.

இவ்வாயு உடலில் புகுந்ததும் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலையே முடக்குகிறது. நெஞ்சில் காற்றிருந்தும் உயிரணு மூச்சுத் திணறுகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், வாந்தி, மார்பு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். இதயமும் நுரையீரலும் முதலில் தாக்குறுகின்றன. இதற்கென்று முறிமருந்து இல்லை. மருத்துவர் உடலைத் தாங்கிப் பிடிக்கலாம். நஞ்சை முறிக்க இயலாது.

"நெடி வந்தால் தெரிந்துவிடும்" என்று சிலர் கூறுவதுண்டு. அது பெரும் பிழை. தூய பாஸ்பீனுக்கு மணமில்லை. அதனோடு கலந்துள்ள பிற பொருள்களே பூண்டு நெடியைத் தருகின்றன. தானியம் அந்த நெடிப் பொருள்களை உறிஞ்சிக்கொள்வதால் நெடி மறைந்த பின்னும் வாயு எஞ்சியிருக்கலாம். மூக்கை நம்பி உள்ளே நுழையக் கூடாது. அளவுமானியை நம்பியே நுழைய வேண்டும்.

கடந்த காலம் கற்பித்தவை

உணவும் நஞ்சும் ஒரே இடத்தில் இருக்கும்போது சிறு கவனக்குறைவும் பெருங்கேடாக முடியும். 1958ஆம் ஆண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மாண்டனர். கோதுமை மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து மாவிலே கலந்துவிட்டது. பாரத்தியான் கிடங்கு வாயு அன்று எனினும் அத்துயரமே நம் நாட்டின் சட்டத்தை உருவாக்கியது. 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் நிறைவேறி, 1971 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 1971இல் வகுக்கப்பெற்ற விதிகள், பூச்சிமருந்தைக் கையாளும் தொழிலாளர்க்கு மருத்துவச் சோதனை, பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, பயிற்சி ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பை வேலை கொடுப்போர் மீது சுமத்தின. ஏழைகள் மாண்ட பிறகே சட்டம் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எத்திலீன் டைபுரோமைடு என்னும் மற்றொரு பொருளும் தானியங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்பது தெரியவந்து, அமெரிக்காவில் மாவுப் பொருள்களிலேயே அதன் எச்சம் காணப்பட்டபோது, 1984 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு தானியங்களில் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. இந்தியாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2001இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அதைத் தொட்டு வேலை செய்த கைகள் யாருடையவை என்று நாம் கேட்க வேண்டும்.

மீதைல் புரோமைடு என்பது நிறமும் மணமும் அற்றது. நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. சுவாசித்துப் பல மணி நேரம் கழித்தே அறிகுறி தோன்றுவதும் உண்டு. மணமில்லாத இதில் கண்ணீர் வரவழைக்கும் குளோரோபிக்ரின் என்பதைச் சிறிதளவு சேர்த்து எச்சரிக்கை உண்டாக்குவார்கள். வானிலுள்ள ஓசோன் படலத்தை இவ்வாயு அரிக்கிறது என்பதால், மாண்ட்ரீல் உடன்படிக்கையின்கீழ் முன்னேறிய நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் இதன் பொதுப் பயன்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. ஏற்றுமதி, இறக்குமதிக்கான நோய்த்தடுப்புப் பணிக்கு மட்டும் விலக்கு உண்டு.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. வானத்துப் படலத்தைக் காக்க நாடுகள் பலவும் ஒன்றுகூடி உடன்படிக்கை செய்தன. அது நல்ல செயல். கிடங்கின் கதவைத் திறக்கும் கூலித் தொழிலாளியின் நுரையீரலைக் காக்கவும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

உண்பவருக்கு ஆபத்து உண்டா?

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் ரேஷன் அரிசியை உண்ணலாமா?" என்ற ஐயம் தாய்மார்களுக்கு எழும். உண்ணலாம். பாஸ்பீன் தானியத்தில் தங்கி நிற்கும் இயல்புடையதன்று. முறையாகக் காற்றாட விட்டால் வெளியேறிவிடும். தானியத்தில் இருக்கத்தக்க எச்சத்தின் அளவைக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று பன்னாட்டு உணவுத் தர விதிகள் வரையறுத்துள்ளன. ஒழுங்காகச் செய்யப்பட்ட வாயு மூட்டத்தில் இவ்வரம்புக்குள் அடங்குவது கடினமன்று. மாத்திரையை மூட்டைக்குள்ளேயே திணிப்பதும், காற்றாட விடாமல் அவசரமாக வண்டியேற்றுவதுமே ஆபத்து. மூட்டையில் மாத்திரைத் துண்டோ சாம்பல் நிறப் பொடியோ கண்டால் முகர்ந்து பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு உரிய அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

எல்லா வாயுவும் இவ்வாறு பறந்துவிடுவதில்லை. மசாலைப் பொருள்களில் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்ஸைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இல் வகைப்படுத்தியது. 2020இல் இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் அதன் எச்சம் வரம்பைக் கடந்திருந்ததென்று ஐரோப்பிய நாடுகள் பண்டங்களைத் திரும்பப் பெற்றன. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலைப் பொடிகள் சிலவற்றின் மீது இதே காரணத்திற்காக நடவடிக்கை எடுத்தன. அயல்நாட்டான் தன் தட்டில் விழும் பொடியைச் சோதித்துத் திருப்பி அனுப்புகிறான். அப்பொடியை இங்கே ஆலையில் அள்ளிக் கொட்டும் பெண்ணின் மூச்சை யார் சோதிக்கிறார்கள்?

சுமப்பவரின் நிலை

என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். வாயு மூட்டத்தில் உண்பவருக்கு உள்ள ஆபத்து சிறிது. அருகில் இருப்பவருக்கு உள்ள ஆபத்து பெரிது. உறையை நீக்கும் தொழிலாளி, முதல் மூட்டையை இறக்கும் தோழர், எஞ்சிய பொடியைக் கூட்டும் தாய், கிடங்குச் சுவரை ஒட்டிய குடிசையில் உறங்கும் குழந்தை, மூடிய கண்டெய்னரை முதலில் திறக்கும் துறைமுகத் தொழிலாளி ஆகியோரே அந்த ஆபத்தைச் சுமப்பவர்கள். பாஸ்பீன் காற்றைவிடச் சற்றே கனமானது. சுவரின் விரிசல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் எளிதில் ஊடுருவிச் செல்லும்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள அமரில்லோ நகரில், வீட்டின் அடியில் இட்டிருந்த இம்மாத்திரைகளைக் கழுவிவிடலாம் என்று தண்ணீர் பாய்ச்சினார்கள். தண்ணீர் பட்டதும் வாயு பெருகி வீட்டுக்குள் ஏறியது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர் மாண்டனர். குவிந்து கிடக்கும் மாத்திரைகளின் மேல் நீர் பட்டால் தீயும் பற்றும்; காற்றில் நூற்றுக்கு 1.8 பங்குக்கு மேல் சேர்ந்த பாஸ்பீன் தானாகவே எரியும். நஞ்சைக் கழுவ நீர் ஊற்றுவது நம்மில் எவருக்கும் இயல்பாகத் தோன்றும் செயல்; இங்கே அதுவே எமனாகிறது. படித்தவன் மட்டுமே அறியக்கூடிய ஆபத்து இது. ஆகவேதான் இதைக் கல்வியின் கேள்வி என்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வாயுவால் மாள்வது நம் மக்களுக்குப் புதிதன்று. பாதாளச் சாக்கடையில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் விழ, மூன்றாமவரும் விழுந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பின்னும் சாவுகள் நின்றபாடில்லை. சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்வது நன்று. உயிர் போகாதிருப்பது அதனினும் நன்று. சாக்கடை கற்பித்த பாடத்தைக் கிடங்கிலும் மறவாதிருப்போம். விழுந்தவரைத் தூக்கச் சுவாசக் கருவி இன்றி எவரும் உள்ளே ஓடலாகாது. முகத்தில் கட்டிய துண்டு தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

"பாதுகாப்புக்குச் செலவு செய்தால் தானியத்தின் விலை ஏறும்" என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு அறிவியலே விடை கூறுகிறது. உறை கிழிந்து வாயு கசிந்தால், உள்ளே அதன் அளவு குறைகிறது. வலுவற்ற பூச்சிகள் மடிகின்றன. வலுவுள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. 1972-73ஆம் ஆண்டுகளில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்விலேயே பாஸ்பீனுக்கு அடங்காத பூச்சிகள் கண்டறியப்பட்டன. அந்த எதிர்ப்பாற்றல் பின்னர் வளர்ந்தே வந்துள்ளது. கசியும் வாயு தொழிலாளியைக் கொல்கிறது. வண்டைக் கொல்லத் தவறுகிறது. தொழிலாளியைக் காக்கும் இறுகிய உறைதான் தானியத்தையும் காக்கிறது. சுமப்பவரின் உயிரும் உண்பவரின் நலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே உறைக்குள் அடங்கியவை.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, வாயு மூட்டம் நடக்கும் கிடங்கின் வாயிலில் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். வைத்த நாள், திறக்கும் நாள், பொறுப்பாளர் பெயர் மூன்றும் அதில் வேண்டும். எழுத்தறியாதவரும் அறிய மண்டையோட்டுக் குறியும் வேண்டும்.

இரண்டாவது, காற்றாட விட்டபின் அளவுமானியால் சோதித்து, "உள்ளே வரலாம்" என்று பொறுப்பாளர் எழுத்தில் ஒப்பமிட்ட பிறகே தொழிலாளர் நுழைய வேண்டும்.

மூன்றாவது, பாஸ்பீனுக்கென்றே தயாரான வடிகலம் பொருத்திய முகமூடியும், பயிற்சியும், மருத்துவச் சோதனையும் நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமன்றி ஒப்பந்தக் கூலிகளுக்கும் கிடைக்க வேண்டும். வெறுங்கையால் பொடியைக் கூட்டுமாறு எந்தத் தாயையும் ஏவக் கூடாது.

நான்காவது, அலுமினியம் பாஸ்பைடை அரசுத் துறைகளும், அரசு வல்லுநரின் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக்கட்டுப்பாட்டாளரும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று நம் நாட்டு விதி கூறுகிறது. 10 மாத்திரை, 20 மாத்திரை கொண்ட குழல் அடைப்புகள் 2001இலேயே தடை செய்யப்பட்டன. ஆகவே கடையில் எளிதில் கிடைக்கிறதென்று வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். மனம் சோர்ந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருப்பதும் கேடு.

ஐந்தாவது, எவருக்கேனும் வாயு தாக்கினால் உடனே திறந்த வெளிக்குக் கொணர்ந்து, ஆடையைத் தளர்த்தி, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்து என்று மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

வீட்டுத் தானியத்துக்கோ வாயுவே வேண்டியதில்லை. நன்கு வெயிலில் காய்ந்த தானியத்தை ஈரமற்ற, இறுக மூடும் கலத்தில் வைப்பதே முதல் காப்பு. வேப்பிலை, நொச்சியிலை இடுவதும், விதைப் பருப்புக்குச் செம்மண் பூசிக் காயவைப்பதும் நம் பாட்டிமார் அறிந்தவை. தானியத்துக்குள் செருகி வைத்து வண்டுகளைப் பிடிக்கும் துளைக்குழாய்ப் பொறியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. வண்டு பெருகுமுன்னே கண்டுகொண்டால் நஞ்சுக்கு வேலை குறையும்.

இளைஞர்களுக்கு

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலத் துறையின் பொறுப்பை ஏற்றிருந்தார். பொருளாதாரமும் சட்டமும் கற்ற அப்பேரறிஞர், தொழிலாளியின் வேலை நேரம், ஊதியம், நலம் ஆகியவற்றைச் சட்டத்தின் சொற்களில் எழுதிக் காட்டினார். கற்ற கல்வியை உழைப்பவனின் உடலைக் காக்கும் கவசமாக்கியது அவர் காட்டிய வழி.

அவ்வழியில் நமக்கும் வேலை உண்டு. வேதியியல் படிக்கும் மாணவன் தன் ஊர்க் கிடங்கின் காற்றைப் பற்றிச் சிந்திக்கட்டும். பூச்சியியல் படிக்கும் மாணவி வண்டின் எதிர்ப்பாற்றலை ஆராயட்டும். சட்டம் படிக்கும் இளைஞர் 1971ஆம் ஆண்டு விதிகளைத் தமிழில் எளிமையாக எழுதிக் கிடங்கு வாயிலில் படித்துக் காட்டட்டும். மூட்டை சுமந்த தோளின் வழி வந்தவர்கள் அளவுமானியைப் படிக்கும் அலுவலராகக் கிடங்குக்குள் நுழையும் நாள் வர வேண்டும். அன்று, "உள்ளே போ" என்று பிறரை ஏவுபவராக இராமல், "பொறு, நான் சோதித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தொழிலாளியைத் தடுத்து நிறுத்துபவராக அவர்கள் இருக்க வேண்டும்.

நம் சங்கத்தின் இரவுப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் இச்செய்திகளை ஒரு மணி நேரப் பாடமாக வைக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!